கயிறு வேண்டாம் என்றார்

மலையுச்சி வானிலை நிலையம்,
மே 4

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா? நான் சுகம். மூச்சுதான் கொஞ்சம் வாங்குகிறது. இந்த உயரத்துக்குப் பழகக் கொஞ்ச நாள் பிடிக்குமாம்.

வந்து சேர்ந்துவிட்டேன் மாமா. அப்பா செத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இரண்டு அறை, ஒரு சமையலறை, கதவைத் திறந்தால் பாறை. வாசலில் ஓர் இரும்புக் கம்பம். கொஞ்சம் தள்ளிக் கருவி மேடை. மேடையைத் தாண்டினால் பள்ளம்தான். வெயிலை அளக்க ஒரு கண்ணாடி உருண்டை இருக்கிறது. அதன் வழியாக விழும் வெயில் கீழே வைத்த அட்டையில் கோடாக எரிகிறது. காற்றை அளக்க உயரமான கம்பத்தின் உச்சியில் சுற்றும் கிண்ணங்கள். எல்லாவற்றையும் வேளாவேளைக்குப் பார்த்து ரேடியோவில் கீழே இருக்கும் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். கோடைக்கு மட்டும்தான் இங்கே ஆள். பனி விழ ஆரம்பித்தால் பூட்டிவிட்டு இறங்கிவிடுவார்கள்.

இருப்பது மூன்றே பேர். சமையல்காரரை எல்லோரும் 'சட்டி' என்கிறார்கள். நான் சட்டி அண்ணன் என்கிறேன். அடுத்து நான். அப்புறம் பொறுப்பாளர். அதாவது அந்த ஆள்.

என்னை அடையாளம் தெரியவில்லை அவருக்கு. எப்படித் தெரியும்? அப்பா சாகும்போது எனக்குப் பால்பல்கூட விழவில்லை. விண்ணப்பத்தில் அப்பாவின் முதலெழுத்தை எடுத்துவிட்டு அம்மாவின் எழுத்தைப் போட்டதும் நல்லதாகப் போயிற்று.

கொடுமைக்காரன் முகம் ஒன்றை எதிர்பார்த்து வந்தேன். ஏமாந்துபோனேன். வழுக்கைத் தலை, தடிக் கண்ணாடி, "தலை சுத்தும்மா, மெதுவா நட" என்கிற குரல். மேகமோ காற்றோ இருந்தால் கயிறில்லாமல் மேடைக்குப் போகக் கூடாது என்பது இங்கே சட்டம். போகிறவர் இடுப்பில் ஒரு முனை. மறுமுனையை வாசல் கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றி இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். "பிடிக்கிறவங்க கையையும் எடுக்கக் கூடாது, கண்ணையும் எடுக்கக் கூடாது" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். யார்? அவர்! சொல்லிக்கொண்டே என் இடுப்பில் முடிச்சுப் போட்டார். எனக்கு வாந்தி வந்துவிட்டது. மலை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துச் சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொடுத்தார். வாங்கிக் குடித்தேன்.

அம்மாவிடம் மூச்சு விடாதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
பாப்பா

*

டயர் கடை,
மே 15

பாப்பாவுக்கு மாமா எழுதுறது.

உன்னை மாதிரி எழுத எனக்கு வராது. பேசுற மாதிரியே எழுதுறேன், சிரிக்காத. இருமல் அது பாட்டுக்கு இருக்கு. உங்கம்மா நல்லாத்தான் இருக்கா. நீ துறைமுக ஆபீஸ்ல விசிறிக்கு அடியில உட்கார்ந்திருக்கிறதா நம்பிக்கிட்டு, "கடல் காத்து அவளுக்கு ஒத்துக்குதான்னு கேளு"ங்கிறா. ஒத்துக்குதா?

அவன் பேச்சுல மயங்கிடாத. வாயில தேன் ஒழுகும். அன்னிக்கு மச்சானைத் தூக்க மேல வந்த என்னையும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதான். நானும் நல்ல மனுசன்னு நினைச்சேன், முட்டாப்பய. அப்புறம்தான் பார்த்தேன், மச்சான் இடுப்புல கயிறு இருந்துச்சு. முழுக் கயிறு. மறுமுனை அறுந்திருக்கல, தேஞ்சிருக்கல. நுனி பிரியாம இருக்க மச்சான் தன் கையால சுத்தின செவப்பு நூல்கூட அப்படியே இருந்துச்சு. அறுந்த கயிறுன்னா தலையெழுத்துன்னு விட்டுடலாம். இது கை விட்ட கயிறு பாப்பா.

ஆனா அவன் அறிக்கையில எழுதினது ஒரே வரி. 'கயிறு வேண்டாம் என்றார்.' முடிஞ்சுது. கயித்தைக் கொண்டுபோய் விசாரணையில காட்டினேன். "எந்தக் கிணத்துலேர்ந்து அவுத்துட்டு வந்தீங்க"ன்னு கேட்டுச் சிரிச்சாங்க. திமிர்ல செத்தவன் பொண்டாட்டின்னு உங்கம்மாவைக் குடியிருந்த ஆபீஸ் வீட்டைவிட்டுக் கிளப்பினாங்க. அந்த ஒரு வரியை வச்சு.

எனக்கு இன்னும் வயிறு எரியுது. சாப்பிட்டியா? குளிருக்கு ரெண்டு காலுறை போட்டுக்கோ. கடை விலாசத்துக்கே எழுது.

மாமா

*

மலையுச்சி,
மே 30

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் இருமலைக் கேட்காமலே கேட்கிறேன், மருத்துவரிடம் போனீர்களா இல்லையா? இரண்டு காலுறைதான் போடுகிறேன். கடல் காற்று ஒத்துக்கொள்கிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

வேலை பழகிவிட்டது. காலையில் உருண்டையைத் துடைப்பது, அட்டை மாற்றுவது, மழைமானியில் விழுந்த தும்பிகளை எடுத்துப் போடுவது எல்லாம் என் பொறுப்பு. வெயில் நாளில் இங்கே நின்றால் கீழே மேகம் மட்டும்தான் தெரியும். அழகாகத்தான் இருக்கிறது. அதுவும் கோபமாக வருகிறது.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். அலுவலகத்திலிருந்து பயிற்சிக்காக நாலைந்து பேர் ஏறி வந்தார்கள். அந்த ஆள் அவர்களை மேடையோரம் நிறுத்தினார். ஒவ்வொரு கோடையிலும் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு கதை சொல்வாராம். நான் வாந்தியெடுத்ததால் எனக்கு மட்டும் சொல்லாமல் விட்டாராம்.

"இதே இடத்துல என்கூட ஒருத்தர் வேலை பார்த்தார். கெட்டிக்காரர். ஆனா ரொம்பத் தைரியம். 'கயிறு வேண்டாம்'னார். எவ்வளவோ கெஞ்சினேன். போனவர் போனவர்தான்."

கெஞ்சினாராம்! ஒரு பெண் உச்சுக்கொட்டினாள். சட்டி அண்ணன் எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார். என் அப்பாவின் சாவை வருஷாவருஷம் பாடமாக நடத்துகிறார் மாமா. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "பயந்துட்டியாம்மா?" என்றார்.

"இல்ல சார். நான் கயித்தை விட மாட்டேன்" என்றேன். தட்டிக்கொடுத்தார்.

ஒன்று செய்தாக வேண்டும். என்ன என்று தெரியவில்லை.

பாப்பா

*

டயர் கடை,
ஜூன் 11

பாப்பாவுக்கு,

மருத்துவரும் வேண்டாம் மருந்தும் வேண்டாம். உன் கடுதாசி படிச்சதுல இருமலே நின்னுபோச்சு. கெஞ்சினானா? கெஞ்சினானாமா? பஞ்சர் ஒட்ட வந்தவன் சைக்கிளைக் கீழ போட்டுட்டு உட்கார்ந்துட்டேன். "என்னண்ணே, யாராவது செத்துட்டாங்களா"ங்கிறான். ஆமா, பழைய சாவுதான்னேன்.

மேல சாமான் ஏத்திட்டு வர்ற கோவேறு கழுதைக்காரர்கிட்ட ஒரு பொட்டலம் குடுத்தனுப்பியிருக்கேன். பிரிக்கும்போது யாரும் பக்கத்துல இருக்கக் கூடாது. பரண்ல இத்தனை வருஷமா வச்சிருந்தேன். இனிமே உன்கிட்ட இருக்கட்டும்.

நான் சொல்றதைக் கேளு. அவனும் மேடைக்குப் போவான்ல? நீதானே பிடிப்ப? அவ்வளவுதான். கம்பத்துல சுத்தாத. ஒரு நிமிஷம் விரலைத் தளர்த்து. அப்புறம் அவன் எழுதினதையே நீயும் எழுது. காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சுரும்.

எழுதிட்டேன். மனசுல இருந்தது வந்துருச்சு. காலுறை இன்னும் ரெண்டு அந்தப் பொட்டலத்துலயே இருக்கு.

மாமா

*

மலையுச்சி,
ஜூலை 2

அன்புள்ள மாமாவுக்கு,

இருமல் நின்றது நல்லது, ஆனால் கோபத்தில் நின்ற இருமல் கோபம் போனதும் திரும்பி வரும். ஒருமுறை போய்க் காட்டிவிடுங்கள். அம்மாவின் முழங்கால் வலி எப்படி?

பொட்டலம் வந்தது. கயிற்று நுனியில் அப்பாவின் கை சுற்றிய நூலைத் தொட்டுப் பார்த்தேன். நிறம் வெளுத்திருக்கிறது, சுற்று மட்டும் இறுக்கமாகவே இருக்கிறது. அழவில்லை. காலுறைக்குள் சுருட்டி என் பெட்டியில் வைத்துவிட்டேன்.

போன வாரம் முதல் பெருங்காற்று. அந்த ஆள் மேடைக்குப் போனார். நான்தான் பிடித்தேன், நிலையத்துக் கயிற்றை. மேகம் மூடியதும் ஆள் தெரியவில்லை, கயிறு மட்டும் என் கைக்குள் இழுபட்டுக்கொண்டிருந்தது. ஒரு முழு ஆளின் கனம் மாமா. நீங்கள் சொன்னது நினைவில் இருந்தது. விரல்கூடத் தளர்ந்தது. கம்பத்தில் சுற்று இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. சுற்றை எடுக்க எனக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்?

எடுக்கவில்லை. இரக்கப்பட்டு அல்ல, தப்பாக நினைத்துவிடாதீர்கள். யார் விட்டார்கள், எதற்கு விட்டார்கள் என்று தெரியாமலே செத்தால் அவருக்கு அது வெறும் விபத்து. அது போதாது எனக்கு. தெரிய வேண்டும். தெரிந்து, ஒரு நிமிஷமாவது அப்பா நின்ற இடத்தில் அவர் நிற்க வேண்டும்.

திரும்பி வந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "உன் கையில கயிறு இருந்தா எனக்குப் பயமே இல்லம்மா" என்றார். என் முடிச்சு அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய், கயிற்றுப் பெட்டியின் சாவியையே என்னிடம் கொடுத்துவிட்டார். நிலையத்துக் கயிறுகள் அதற்குள்தான் இருக்கின்றன. சாவி என் கழுத்துச் சங்கிலியில் இருக்கிறது.

அவரும் வாரம் தவறாமல் யாருக்கோ கடிதம் எழுதுகிறார். எழுதிவிட்டு என்னிடம்தான் பசை கேட்பார்.

பாப்பா

*

டயர் கடை,
ஜூலை 15

பாப்பாவுக்கு,

உடம்பு சரியில்ல, உனக்கென்ன ஜோசியம் தெரியுமா, இருமல் திரும்பி வந்துருச்சு. அதைவிடப் பெரிய வம்பு, உங்கம்மா பரண்ல ஏறிட்டா. முழங்கால் வலிக்காரி எதுக்கு ஏறணும்? கயித்தைக் காணோம்னதும் நேரா கடைக்கே வந்துட்டா. என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சுட்டா. கல்லாப்பெட்டிக்குள்ள இருந்த உன் கடுதாசியெல்லாம் ரோட்டோரம் நின்னே படிச்சா.

அடிச்சா பாப்பா. இந்த வயசுல, ஜனங்க பார்க்க, என்னை அடிச்சா.

நான் சொன்னதையெல்லாம் மறந்துடு. இறங்கி வா. உங்கம்மா எழுதினதையும் இதோட வைக்கிறேன்.

மாமா

*

ஜூலை 15

பாப்பா,

நல்லா இருக்கியான்னு கேட்க மாட்டேன். நீ எப்படி இருப்பன்னு எனக்குத் தெரியும்.

உங்கப்பாவைக் கொன்னவன் அவன்னு எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க மாமனும் மருமகளும்? உன் மாமன் அந்தக் கயித்தை வீட்டுக்குள்ள கொண்டாந்த அன்னிக்கே தெரியும். ராத்திரி பகலா அவன் நாசமாப் போகணும்னு நினைச்சிருக்கேன். ஆனா உன்னை வளர்க்க வேண்டியிருந்துச்சு. அதுல அவனை மறந்தேன். முழுசா இல்ல, பாதி.

அவன் சாகட்டும், எனக்கு ஒண்ணுமில்ல. உன் கையால வேண்டாம். அந்தக் கையை நான் பிடிச்சு நடக்கப் பழக்கினேன்.

கழுதை வர்ற அன்னிக்கே அதுகூட இறங்கி வந்துடு.

அம்மா

*

மலையுச்சி,
ஆகஸ்ட் 3

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் உடம்பும் அம்மா முழங்காலும் தேவலையா? உங்கள் கடிதமும் அம்மா கடிதமும் முந்தாநாள்தான் கிடைத்தன. வழியெல்லாம் மண் சரிந்து கழுதை ஏற முடியவில்லை. உடலைத் தூக்க வந்தவர்களோடு சேர்ந்துதான் கழுதைக்காரரும் வந்தார்.

ஆமாம் மாமா. செத்துவிட்டார்.

மத்தியானமே இருட்டிவிட்டது. ஆலங்கட்டி மழை. காற்றுக் கிண்ணங்கள் ஐஸில் சிக்கிக்கொண்டு சுற்றாமல் நின்றுவிட்டன. கீழே பாலத்தை மூடுவதா வேண்டாமா என்று நாங்கள் சொல்லும் காற்று வேகத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். ரேடியோவில் கத்திக்கொண்டே இருந்தார்கள். யாராவது போய்க் கிண்ணத்தைச் சரிசெய்ய வேண்டும். அந்த ஆள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல என் முன்னால் வந்து கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். "கட்டும்மா."

நீங்கள் அனுப்பியதை எடுத்து வந்தேன். ஒரு சுற்றுச் சுற்றும்வரை அவர் கவனிக்கவில்லை. சிவப்பு நூல் கண்ணில் பட்டதும்தான் குனிந்து பார்த்தார்.

"இது... எங்கேர்ந்தும்மா?"

"எங்கப்பா இடுப்புலேர்ந்து சார்."

முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷம் நான் பார்க்க ஆசைப்பட்ட முகம் அதுதான்.

"வேணும்னு விடலம்மா" என்றார். "அந்தக் கம்பத்துல இடி விழுந்துச்சு. கை தானா விட்டுடுச்சு. உள்ள ஓடிட்டேன். திரும்பி வந்து பார்த்தா கயிறு இல்ல."

"'கயிறு வேண்டாம் என்றார்'னு எழுதினதும் கை தானா எழுதினதா சார்?"

"கட்டட்டுமா?" என்று கேட்டேன். அவர் கயிற்றுப் பெட்டியைப் பார்த்தார், பிறகு என் கழுத்தில் தொங்கிய சாவியைப் பார்த்தார். கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

"சரி சார், அப்போ நான் போறேன். நீங்க பிடிச்சுக்குங்க. எங்க வீட்டு ஆளுங்களுக்குக் கயிறு பிடிச்சு உங்களுக்குப் பழக்கம்தானே."

முனையை நீட்டினேன். நெருப்பைக் கண்டவர்போல இரண்டு கையையும் பின்னால் இழுத்துக்கொண்டார். "என் கையில குடுக்காத. குடுக்காதம்மா." அந்த நேரம் பார்த்துச் சட்டி அண்ணன் சமையலறையிலிருந்து வந்தார். அந்த ஆள் என் அப்பாவின் கயிற்றை இடுப்பிலிருந்து தானே அவிழ்த்தார்.

"கயிறு வேண்டாம்" என்றார்.

சட்டி அண்ணன் காதில் விழுந்தது அது மட்டும்தான். "சார், என்ன சார் இது, பைத்தியமா?" என்று கையைப் பிடித்தார். உதறிவிட்டுப் போனார். நான் பிடிக்கவில்லை. "வேண்டாம் சார்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கம்பத்தில் ஏறி ஐஸைத் தட்டினார். கிண்ணங்கள் சுற்ற ஆரம்பித்தன. இறங்கி எங்களைப் பார்த்துத் திரும்பினார். அப்போதுதான் காற்று அடித்தது.

சட்டி அண்ணன் அலறினார். நான் உள்ளே போய்க் காற்றின் வேகத்தைப் பார்த்து ரேடியோவில் சொன்னேன். பாலத்தை மூடினார்கள்.

அறிக்கையை நான்தான் எழுதினேன். 'கயிறு வேண்டாம் என்றார்.' சட்டி அண்ணன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை மாமா. சாவியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஆறிற்றா என்று கேட்பீர்கள். ஆறிற்று. அன்று படுத்ததும் தூங்கிவிட்டேன். அம்மாவின் கடிதத்தைத்தான் இன்னும் இரண்டாவது தடவை படிக்க முடியவில்லை.

பாப்பா

*

டயர் கடை,
ஆகஸ்ட் 14

பாப்பாவுக்கு,

நாங்க ரெண்டு பேரும் உசுரோட இருக்கோம். அது போதும் இப்போதைக்கு.

உன் கடுதாசியைக் கடைக்குப் பின்னாடி வச்சு எரிச்சுட்டேன். கெட்டதா நினைக்காத. ஒருநாள் இந்தச் சேதி வந்தா ஊருக்கெல்லாம் தேநீர் வாங்கித் தரணும்னு நினைச்சிருந்தேன். நேத்து எனக்கே குடிக்க முடியல. மச்சான் பேருக்கு விழுந்த அந்த ஒரு வரி இப்பவும் அங்கேயேதான் இருக்கு, பார்த்தியா? அவன் பொய் சொன்னான்னு சொல்ல இனிமே ஆளே இல்லை. உனக்கு மட்டும்தான் சொன்னான்.

உங்கம்மாகிட்ட சொன்னேன். ஒண்ணே ஒண்ணு கேட்டா, "அவனுக்குப் பிள்ளைங்க இருக்கா?"ன்னு.

எனக்குத் தெரியாதுன்னேன். உனக்குத் தெரியுமா? எழுது. உங்கம்மா தினமும் கேட்கிறா.

மாமா

*

செப்டம்பர் 9

மலையுச்சி நிலையப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் சமையல்கார அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நாங்கள் இருக்கிறோம். நான், உங்களுக்கு முன்னால் அந்தப் பொறுப்பில் இருந்தவரின் மகள்.

அப்பா போன பிறகு உங்களையே பொறுப்பாளராகப் போட்டிருப்பதாக அலுவலகத்தில் சொன்னார்கள். வாழ்த்துகள். அறிக்கையையும் படிக்கக் கொடுத்தார்கள். ஒரே வரிதான் இருந்தது.

அப்பா வாரம் தவறாமல் எனக்கு எழுதுவார். இந்தக் கோடை முழுவதும் அதிகம் எழுதியது உங்களைப் பற்றித்தான். முதல் நாள் வாந்தியெடுத்தது, மழைமானியிலிருந்து தும்பிகளை எடுத்துப் பறக்கவிடுவது, எல்லாம். கடைசிக் கடிதத்தில் இப்படி எழுதியிருந்தார்: "புதுசா வந்த பொண்ணு நல்லா முடிச்சுப் போடுது. கயித்துப் பெட்டிச் சாவியையே அவகிட்ட குடுத்துட்டேன். அவ பிடிச்சா எனக்குப் பயமே இல்ல."

என் அப்பா இடி இடித்தால் வீட்டுக்குள்ளேயே போர்வையை இழுத்து மூடிக்கொள்கிற மனிதர். கயிறு இல்லாமல் அவர் எங்கேயும் போக மாட்டார். அலுவலகத்தில் சொன்னேன். அப்பாவை இழந்த துக்கத்தில் பேசுகிறேன் என்று தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். குடியிருந்த வீட்டையும் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

சாவி உங்களிடம் இருந்ததே, அன்று அந்தப் பெட்டி திறந்திருந்ததா?

இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டியதில்லை. அடுத்த கோடைக்கு அங்கே ஓர் ஆள் எடுக்கிறார்கள். விண்ணப்பம் போட்டுவிட்டேன். என் பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்துதான் இருக்கும், உங்களுக்கு அடையாளம் தெரிவதற்காக.

நேரில் சந்திப்போம். அதுவரை உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அவருடைய மகள்